மலைமேல் ஏறிய வெயில்

திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேயே எழும்பி நிற்கிறது. 2024 ஏப்ரல் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, வெயில் தாழ்ந்த நேரத்தில் தோளில் ஒரு பையும் கையில் வெப்பமானிகள் அடங்கிய பெட்டியுமாக அங்கே நின்றிருந்தேன். கீழே கால்வாய் கறுத்துத் தேங்கிக் கிடந்தது. லஸ் முனையில் மெட்ரோவுக்குத் தோண்டிய மண் காற்றில் பறந்து மேல்தளம் வரை வந்தது. கடற்காற்று அன்று தாமதமாகத்தான் உள்ளே நுழைந்தது. அது வரும்வரை மயிலாப்பூரின் மாடி வீடுகளில் சுவரைத் தொட முடியாது. எனக்கு ஊட்டியில் ஒரு வாரம் வேலை. நாலாவது ரயில்பாதை வேலைக்காகப் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தியிருந்த காலம் அது. அங்கே இறங்கி, ஆட்டோ பிடித்து, சென்ட்ரலுக்குப் போய் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும்.

என் வேலை வெப்பநிலையோடுதான். தடுப்பூசி மருந்துகள் வைக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்குள் இருக்கும் வெப்பமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்துச் சான்று கொடுப்பது. பெரும்பாலான தடுப்பூசிகள் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். தயாரிக்கும் இடத்திலிருந்து குழந்தையின் தொடை வரைக்கும் அந்த அளவு எங்கும் அறுபடக் கூடாது. இதைத்தான் எங்கள் தொழிலில் கோல்ட் செயின் என்கிறோம். ராமநாதபுரத்திலும் வேலூரிலும் மே மாதம் இந்த வேலை செய்வது பெரும்பாடு. ஊட்டி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒரு நிம்மதி. அடையாறில் இருக்கும் சக ஊழியர், "ஸ்வெட்டர் ரெண்டு எடுத்துக்கோங்க, சாயங்காலம் தாங்காது" என்று இரண்டு தடவை போன் செய்து சொல்லியிருந்தார்.

காலடியில் கிடந்த அந்தக் கால்வாய்க்கும் நான் போகவிருந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசியோடு பட்டணத்துக்கு வந்து சேர்ந்த மக்களுக்குக் கூலி கொடுப்பதற்காகக் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே சுமார் 8 கிலோமீட்டர் நீளத்துக்குக் கால்வாய் வெட்டினார்கள். அப்போது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் கோமகன். அதனால் முழுக் கால்வாய்க்கும் அவர் பெயரே நிலைத்தது. அதே பஞ்ச காலத்தில், அதே கவர்னர், ஊட்டியில் தாவரவியல் பூங்காவுக்கு மேலே அரசு மாளிகை கட்டத் தொடங்கினார். பின்னாளில் ஊட்டி ராஜ்பவன் என்று பெயர் பெற்றது அதுதான். மழை பொய்த்ததால் மாண்டவர்கள் லட்சக்கணக்கில். உயிரோடு மிஞ்சியவர்களில் சிலர் மயிலாப்பூரின் வெயிலில் மண் சுமந்தார்கள். ஆட்சி செய்தவர்கள் அந்த வெயிலுக்குத் தப்ப மலைமேல் வீடு கட்டிக்கொண்டார்கள். இரண்டும் ஒரே நிர்வாகத்தின் கணக்கில் எழுதப்பட்ட செலவுகள்.

வேலை நிமித்தமாகச் சென்னையிலிருந்து ஊட்டிக்குப் போவது நெடுநாள் வழக்கம். 1834 ஜூன் மாதம் சென்னையில் கரையிறங்கிய மெக்காலே, அன்றைக்கு ஊட்டியில் தங்கியிருந்த கவர்னர் ஜெனரல் பென்டிங்கைப் பார்ப்பதற்காக ஏறத்தாழ 400 மைல் பல்லக்கில் போனார். அவ்வளவு தூரமும் அவரைத் தூக்கிச் சுமந்தவை மனிதத் தோள்கள். மேலே போய்ச் சேர்ந்தபோது தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தது. சட்ட உறுப்பினராக அவர் இந்தியாவில் கழித்த முதல் மாதங்கள் மழையிலும் மூடுபனியிலும் கணப்பு அடுப்புக்குப் பக்கத்திலும் போயின. பிறகு 1870-களில் தொடங்கி, கோடைதோறும் சென்னை அரசாங்கமே கோப்புகளும் குமாஸ்தாக்களுமாக ஊட்டிக்கு இடம்பெயர்ந்தது. 1873-இல் மேட்டுப்பாளையம் வரை ரயில் வந்தது. அங்கிருந்து குன்னூருக்குப் பல்சக்கரப் பாதை 1899-இல் திறந்தது, 1908-இல் அது ஊட்டியைத் தொட்டது. ஜார்ஜ் கோட்டையிலிருந்து ஒரு அரசாங்கம் மலையேறி வருவதற்கென்றே அமைந்ததுபோல அந்தப் பாதை ஒவ்வொரு கட்டமாக நீண்டது. சமவெளிக்காரர்கள் மலையைப் பற்றி அன்று கொண்ட எண்ணம் ஒன்றுதான்: நம் வெயிலுக்கு அது அடைக்கலம். அந்த எண்ணம் ஆட்சியோடு போய்விடவில்லை. நம் எல்லோருக்கும் அது கைமாறி வந்திருக்கிறது.

இரவு முழுக்க ரயிலில் ஜன்னல் வழியே அனல்தான் வந்தது. சேலம், ஈரோடு எல்லாம் அந்த வாரம் கொதித்துக்கொண்டிருந்தன. ஈரோட்டில் பகல் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டியிருந்தது. விடிகாலையில் மேட்டுப்பாளையம் வந்து இறங்கியபோது, அந்த நேரத்துக்கு அங்கே வழக்கமாக வீசும் மலைக்காற்று இல்லை. மலை ரயிலுக்கு முன்பதிவு எப்போதோ முடிந்திருந்தது. எனக்காக வந்திருந்த வண்டியில் கிளம்பினோம். ஓட்டியவர் கோத்தகிரிப் பக்கத்துப் படகர், ஐம்பது வயதைத் தாண்டியவர்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லாறு தாண்டினால் பாக்குத் தோப்புகள், பர்லியாறில் பலாவும் மங்குஸ்தானும் விற்கும் கடைகள். அதற்கு மேல் எங்கேயோ ஒரு வளைவில் காற்று சட்டென்று மாறும். பேருந்தில் போகிறவர்கள் அந்த இடத்தில் தாமாகவே ஜன்னலை இறக்குவார்கள். அந்த மாற்றத்துக்காக நானும் காத்திருந்தேன். மரப்பாலம் போனது, காட்டேரி போனது, குன்னூரும் வந்தது. காற்று மாறவில்லை. ஓடைகள் பாறை மட்டும் மிஞ்சிக் கிடந்தன. ஓட்டுநர் சொன்னார்: "ஏப்ரல்ல ரெண்டு மழையாவது பெஞ்சுடும் மேடம். அது வந்தாத்தான் கேரட்டுக்கு உசிரு. இந்தத் தடவை ஒண்ணுகூட சரியா வரலை."

குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைக் கடக்கும்போது தடுப்பூசித் தொழிலில் இருக்கும் யாருக்கும் ஒரு மரியாதை எழும். தென்னிந்தியாவில் நாய்க்கடிக்கு மருந்து கிடைக்காமல், வடக்கே இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்கு ஓட வேண்டியிருந்த காலத்தில், 1907-இல் தொடங்கிய நிறுவனம் அது. அமெரிக்கக் கொடையாளர் ஹென்றி பிப்ஸ் தந்த பணம் அதற்கு உதவியது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியிலும், பிறகு தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னி ஆகியவற்றுக்கான முத்தடுப்பூசியிலும் அதன் பங்கு பெரிது. அதே காலத்தில் சென்னையில், அடையாற்றுக்கு அந்தப் பக்கம் கிண்டியில், கிங் இன்ஸ்டிடியூட் அம்மைப்பாலைத் தயாரித்தது. குளிர்பதனப் பெட்டி வருவதற்கு முன்னால் மருந்தைக் கெடாமல் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று அறிந்தவர்களுக்கு, குன்னூர் போன்ற ஒரு குளிர்ந்த மலையூரின் அருமை நன்றாகவே தெரிந்திருக்கும். அந்தக் காலத்தில் மலையின் குளிரும் மருத்துவத்துக்கு ஒரு கருவி.

ஊட்டியை அடைந்தபோது நண்பகல். சேரிங் கிராஸில் ஸ்வெட்டரும் குல்லாவும் விற்கும் கடைகள் ஆளில்லாமல் இருந்தன. கரும்புச்சாறு வண்டியைச் சுற்றிக் கூட்டம். தங்கிய விடுதி அறையில் மின்விசிறி இல்லை. ஊட்டியில் பெரும்பாலான அறைகளில் அதற்கான கொக்கிகூட இருக்காது. தேவைப்பட்டதே இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளியிலிருந்து சூடு வந்தது. அந்த வாரஇறுதியில் உதகமண்டலத்தில் 29 டிகிரி செல்சியஸ் பதிவானது. இயல்பான அளவைவிட 5.4 டிகிரி கூடுதல். அதற்கு முந்தைய உச்சம் 1986-இல் பதிவான 28.5. 1951 முதல் இருக்கும் பதிவுகளில் இவ்வளவு சூடு அந்த ஊர் கண்டதில்லை.

29 டிகிரியா, அது ஒரு வெயிலா என்று சென்னையில் இருப்பவருக்குத் தோன்றலாம். மயிலாப்பூரில் அது மார்கழி மாதத்துப் பகல். ஆனால் ஓர் ஊரின் வெப்பத்தை அந்த ஊரின் உயிர்களை வைத்துத்தான் அளக்க வேண்டும். வெப்பநிலை சராசரியாக ஒவ்வொரு கிலோமீட்டர் உயரத்துக்கும் 6.5 டிகிரி குறைகிறது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஈரோட்டைவிட அது இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று மேலே. ஈரோட்டின் 42 டிகிரியிலிருந்து 13 டிகிரியைக் கழித்தால் 29 வருகிறது. மேகம், ஈரமண், மழை எதுவும் குறுக்கே வந்து உதவாத நாளில் மலைக்கு மிஞ்சுவது உயரம் தரும் இந்தக் கழித்தல் மட்டும்தான்.

அந்தக் கணக்கை அறையில் உட்கார்ந்து போட்டபோதுதான் ஊட்டியின் வழக்கமான குளிர் எதனால் ஆனது என்பது எனக்குத் துலங்கியது. சாதாரண ஏப்ரலில் காலை வெயில் சரிவுகளைச் சூடேற்றும், ஈரக்காற்று மேலே எழும், மதியத்துக்குள் மேகம் கூடிவிடும், மாலையில் இடியோடு ஒரு மழை இறங்கும். நனைந்த மண்ணில் விழும் வெயிலில் பெரும்பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மண் காய்ந்துவிட்டால் அந்த வெயில் முழுவதும் காற்றைச் சூடாக்கவே போகும். எல் நினோவின் பிடியிலிருந்த அந்த ஆண்டில் கோடை மழையும் கைவிட்டது. உயரம் மாறவில்லை, ஈரம் போனது, அதோடு குளிரும் போனது.

மறுநாள் வேலை தொடங்கியது. நாங்கள் போன ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசிப் பெட்டிகளைக் கவனிக்கும் மூத்த செவிலியர், பதிவேட்டை எடுத்து என் முன்னால் விரித்தார். தினமும் இரண்டு வேளை, காலையும் மாலையும், வெப்பநிலையைத் தவறாமல் எழுதியிருந்தார். கட்டங்களுக்குள் நீல மையில் 4, 5, 4, 6 என்று வரிசையாக. வேறெங்கும் இவ்வளவு ஒழுங்கான பதிவேட்டை நான் பார்த்ததில்லை. ஐ.எல்.ஆர். என்று நாங்கள் அழைக்கும் அந்தப் பெட்டியின் சுவருக்குள் பனிக்கட்டி அடுக்கு இருக்கும். மின்சாரம் போனாலும் பல மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்திருக்கும். என் வெப்பமானிகளை மேல்கூடையிலும் அடியிலும் வைத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் அவரிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

"இருபது வருஷத்துக்கு மேல இந்த மலையில வேலை பார்க்கிறேன் மேடம். எங்களுக்குப் பயமெல்லாம் டிசம்பர், ஜனவரியிலதான். ராத்திரி மருந்து உறைஞ்சு போயிடுமோன்னு பார்ப்போம். சூட்டுக்குப் பயந்து பெட்டியைத் திறக்க யோசிச்சது இந்த வருஷந்தான்" என்றார்.

அவர் சொன்னதில் தொழில் நுணுக்கம் இருந்தது. சூடு தடுப்பூசியைக் கெடுக்கும் என்பது பலருக்கும் தெரியும். போலியோ சொட்டு மருந்துதான் அதில் மிக மென்மையானது. குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சிறு சதுரம் நிறம் மாறி, அதைச் சுற்றியிருக்கும் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. உறைவதும் கெடுக்கும் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. கல்லீரல் அழற்சி பி, ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் போன்ற தடுப்பூசிகள் ஒருமுறை உறைந்து உருகினால் வீரியம் போய்விடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. குலுக்கி வைத்துப் பார்த்தால் அடியில் சீக்கிரம் வண்டல் இறங்கும். ஐஸ் பேக்குகளைக்கூட ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே மருந்துப் பெட்டியில் வைப்பதில்லை. காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் அலம்பும் சத்தம் கேட்க வேண்டும், அதற்குப் பிறகே அடுக்குவார்கள். தலைக்குந்தாவிலும் காந்தலிலும் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் உறைபனி இரவுகளைப் பார்த்துப் பழகிய செவிலியர்கள் குளிரை எதிர்த்தே தங்கள் கவனத்தைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். இப்போது அவர்கள் இரண்டு பக்கமும் காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

பெட்டிகள் எல்லாம் சரியாகவே இருந்தன. மலை சூடானாலும் மருந்து 5 டிகிரியில் பத்திரமாக இருந்தது என்றால், அது அந்தச் செவிலியரின் கையெழுத்தாலும் ஒழுங்காலும்தான். ஊட்டியின் பூங்கா, ஏரி, மலர்க் கண்காட்சி பற்றி ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள். அந்த மலையில் மக்களைக் காக்கிறவர்கள் இந்தச் செவிலியர்கள் என்பதை எழுதுவது என் கடமை என்று நினைக்கிறேன்.

அடுத்தடுத்த நாள்கள் எமரால்டு, அவலாஞ்சிப் பக்கத்துக் கிராமங்களில். வழியெங்கும் உருளைக்கிழங்கு, கேரட் வயல்களில் குழாய்கள் வெறுமனே கிடந்தன. ஊட்டிக்குக் குடிநீர் தரும் பார்சன்ஸ் வேலி அணையின் நீர் இறங்கிவிட்டதென்று போன இடமெல்லாம் பேச்சு. ஒரு வீட்டு வாசலில் குடங்கள் வரிசையாக நின்றன. தி. நகரில் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் லாரித் தண்ணீருக்கு நின்ற அதே வரிசை.

அவலாஞ்சிக்குப் போகும் சாலையில் ஓட்டுநர் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினார். ஒரு பக்கம் சீகை மரங்களும், கற்பூர மரம் என்று அங்கே சொல்லும் யூகலிப்டஸும் நெருக்கியடித்து நின்றன. அடியில் ஒரு பச்சை இல்லை, சருகு மட்டும். மறுபக்கம் மேட்டில் கொஞ்சம் பழைய புல்வெளி, அதன் மடிப்பில் ஒரு சோலை. புல் காய்ந்து பழுப்பேறியிருந்தது. ஆனால் சோலைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய நீரோடை அந்த ஏப்ரலிலும் வந்துகொண்டிருந்தது. கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. அந்தப் பயணத்தில் நான் முதன்முதலாக உணர்ந்த மலைக்குளிர் அதுதான்.

நீலகிரியின் மேல்தட்டு ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது: மேடெல்லாம் புல், மடிப்பெல்லாம் சோலைக்காடு. புல்லின் வேர் அடர்ந்த கறுப்பு மண் மழையைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டு மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடும். தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும், அவர்கள் கோவிலுக்குக் கூரை வேய்ந்ததும் அந்தப் புல்வெளியை நம்பித்தான். 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் யூகலிப்டஸும் வந்தன. குளிர்காய விறகு வேண்டும் என்பதே முதல் காரணம். சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகவும் ரேயான் கூழுக்காகவும் இன்னும் பெரிய பரப்பில் நட்டார்கள். புல்வெளி அவர்கள் கணக்கில் வெறும் தரிசு. இன்று வனத்துறையே சீகையை அகற்றிப் புல்லைத் திரும்ப வளர்க்க முயல்கிறது. அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தமிழ்நாடு 2022-இல் ஒரு கொள்கையும் வகுத்தது. ஆனால் வெட்டிய இடத்தில் சீகை விதை மறுபடி முளைக்கும். புல் திரும்புவதற்குப் பல ஆண்டுக் கைவேலை வேண்டும்.

இதே அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னைக்கு ஒரு வருஷத்துக்குக் கிடைக்கும் சராசரி மழை ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஒரு பகலும் இரவுமாக அங்கே விழுந்தது. சரிவுகள் பிளந்தன, சாலைகள் போயின. மழை கொட்டினால் தாங்கவும், மழை இல்லாவிட்டால் ஊற்றாகக் கொடுக்கவும் வல்ல மண்ணை இழந்த மலைக்கு, இரண்டு உச்சங்களும் ஒரே மாதிரி ஆபத்துதான்.

அவலாஞ்சியிலும் எமரால்டிலும் சேரும் நீர் குந்தா வழியாகப் பில்லூரில் பவானியோடு கலக்கிறது. பவானிசாகரில் தேங்கி, பாசனத்துக்குப் போனது போக, மிஞ்சியது பவானி கூடுதுறையில் காவிரியைச் சேர்கிறது. முக்கொம்பில் பிரிந்து கொள்ளிடத்தில் இறங்கி, கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணத்திலிருந்து 2004 முதல் சென்னைக்குக் குழாயில் தண்ணீர் வருகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது. காவிரியில் எத்தனையோ மலைகளின் நீர் கலந்து வருகிறது. அவற்றில் நீலகிரியும் ஒன்று. மெக்காலே காலத்திலிருந்து நாம் மலையேறிப் போய்த் தேடிய குளிர்ச்சியை, அந்த மலை இப்படித் தானாகவே நம் வீட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

வேலை முடிந்து நான் இறங்கிய நாளிலும் மழை இல்லை. மே நடுவில் அது வந்தது, அதுவும் மொத்தமாக. மண் சரிந்து மலை ரயில் நின்றது. சுற்றுலாப் பயணிகள் சில நாள் வர வேண்டாம் என்று மாவட்ட நிர்வாகம் கேட்டுக்கொண்டது. மூன்று வாரத்துக்குள் ஒரே மலையில் வரலாறு காணாத வெயிலும் வழிமறிக்கும் மழையும். இதற்கிடையே, மலையேறும் வாகனங்களின் பெருக்கம் கருதிச் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அடுத்த கோடையில் நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வாரஇறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் பிழைப்பு போகிறதென்று வருந்தினார்கள். அந்த வருத்தம் நியாயமானது, அவர்களுக்கு மாற்று வழி காட்டுவது அரசின் பொறுப்பு. ஆனால் வரம்பே கூடாது என்று சமவெளியில் இருந்துகொண்டு நாம் கேட்பது நியாயமில்லை.

ஒரு சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் தினமும் இரண்டு வேளை எழுதும் பதிவேட்டால் ஒரு கிராமத்துக் குழந்தைகள் காக்கப்படுகிறார்கள் என்றால், ஒரு மலையின் ஊற்றுகளுக்கும் புல்வெளிக்கும் அதே அக்கறையான பதிவேடு ஏன் இருக்கக் கூடாது? எந்த ஓடை எந்த மாதம் வரை ஓடியது, எந்த மேட்டில் புல் திரும்பியது என்று அங்கே இருப்பவர்களே கிராமம் கிராமமாக எழுதி வைக்கலாம். தோடரும் படகரும் இருளரும் அறிந்த அளவுக்கு அதை அறிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. அந்த வேலைக்குக் கூலி வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர்களில் சென்னையும் உண்டு. தாது வருஷத்தில் கால்வாய் வெட்டப் பணம் ஒதுக்க முடிந்த ஒரு நகரத்தால், தன் குடிநீருக்காக மாதந்தோறும் செலவிடும் தொகையில் ஒரு பங்கை மலைப் புல்லை மீட்கவும் ஒதுக்க முடியும். அடுத்த குடிநீர்த் திட்டத்தின் மதிப்பீட்டில் குழாய்க்கும் மோட்டாருக்கும் பக்கத்தில் அதற்கும் ஒரு வரி எழுதப்பட வேண்டும்.